அவர் வாங்கின கடனும் நம்ம போடற கையெழுத்தும்

எங்க ஸ்கூல்ல ஆயாவா வேலை பாக்கற அக்காவோட வீட்டுக்காரர் போன தை மாசம் தவறிட்டார். திரும்ப வேலைக்கு வந்த அன்னிக்கே அந்தக்கா ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு மெதுவா கேட்டுச்சு, "டீச்சர், அவரு வாங்குன காச நான் கட்டலீன்னா என்னைய உள்ள தூக்கி வெச்சுருவாங்களா?" தண்டல்காரன் வீட்டு முன்னாடி வண்டிய நிறுத்திட்டு அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்கான். வெக்க மாட்டாங்கக்கா, கடனுக்கு வாரிசை ஜெயில்ல போடற சட்டம் இந்த நாட்டுல இல்லைன்னு சொன்னேன். அதுக்கு நம்பிக்கை வரல, "நெசமாவா?"ன்னு ரெண்டாவது தடவையும் கேட்டுச்சு. இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டுலயும் இதே பயத்தோட இருக்கும்னு தோணுச்சு, அதான் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெக்கறேன். நான் வக்கீல் இல்ல. ஆனா இதே வழியில நடந்து வந்தவ.

எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல பவர் டேபிள் நடத்திட்டு இருந்தார். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், எக்ஸ்போர்ட் கம்பெனி கட்டிங் பீஸ் குடுக்கும், நம்ம ஷெட்டுல ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின் போட்டு ஆள் வெச்சு தெச்சுக் குடுக்கணும், பீஸுக்கு இவ்வளவுன்னு ரேட். இதுல சிக்கல் என்னன்னா டெய்லருக்கு சனிக்கிழமை ஆனா சம்பளம் குடுத்தே ஆகணும், ஆனா கம்பெனிக்காரங்க பேமெண்ட் மாசக்கணக்குல இழுக்கும். அந்த இடைவெளிய எதை வெச்சு அடைப்பாங்க? கைமாத்து, வட்டிக்குக் கடன், சீட்டை எடுக்கறது, நகைய வெக்கறது. 2022-ல நூல் விலை ஏறி ஊரே கடைய அடைச்சு ஸ்ட்ரைக் பண்ணுச்சே, அந்த சமயத்துல ஆர்டர் இல்லாம பல டேபிள் படுத்துச்சு, எங்களோடதும் அப்பத்தான் ஆட்டம் கண்டது. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. ஒரு நாள் ராத்திரி நெஞ்சு வலின்னார், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுது.

அவர் என்கிட்ட சொன்ன கடன் ஒரு பங்குன்னா சொல்லாதது இன்னொரு பங்கு. இதை அவர் மேல குறையா சொல்லல, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பவர் டேபிள் நடத்தற எந்த ஆம்பளையும் சனிக்கிழமைக் கடனை வீட்டுல சொல்றதில்ல.

மொதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா. செத்துப் போனவர் கடன் அவர் விட்டுட்டுப் போன சொத்து மேல நிக்கும், பொண்டாட்டி புள்ளைங்க மேல நிக்காது. சிவில் நடைமுறைச் சட்டம் 50-வது பிரிவுல இருக்கு, இறந்தவரோட சொத்துல எவ்வளவு நம்ம கைக்கு வந்துச்சோ அந்த அளவுக்குத்தான் நம்ம பொறுப்பு. அவர் 5 லட்சம் சொத்து வெச்சிருக்கார், 12 லட்சம் கடன் வெச்சிருக்கார்னா, அந்த 5 லட்சத்தோட கணக்கு முடிஞ்சுது, மீதி 7 லட்சத்துக்கு என் சம்பளத்து மேலயோ எங்கப்பா போட்ட நகை மேலயோ யாரும் கை வெக்க முடியாது. அதுக்காக "அவரே போயிட்டார், ஒண்ணும் கட்ட வேண்டாம்"னு சில பேர் சொல்றதும் தப்பு. அவர் சொத்து இருந்தா கடனுக்கு அப்புறம்தான் வாரிசுக்கு.

அப்பன் கடன் மகன் தலையிலன்னு ஊர்ல சொல்லுவாங்க இல்லையா, அதுக்கும் ஒரு காலத்துல சட்டத்துல இடம் இருந்துச்சு, இந்து குடும்பத்துல அப்பா கடனை அடைக்கறது மகனோட தர்மக் கடமைன்னு சொல்லி கோர்ட்டே ஒத்துக்கிட்டு இருந்துச்சு. 2005 செப்டம்பர் 9-ல அமலுக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம் அதை எடுத்துடுச்சு. அந்தத் தேதிக்கு அப்புறம் வாங்கின கடனுக்கு அந்தக் காரணத்தை மட்டும் சொல்லி மகனையோ பேரனையோ பிடிக்க முடியாது. இந்தச் சேதி பொண்ணுங்களுக்கு சொத்துல பங்கு குடுத்த அதே திருத்தத்துலதான் இருக்கு, ஆனா பொண்ணுங்க பங்கைப் பத்தி ஊரே பேசுது, இதை ஒருத்தரும் பேசறதில்ல. எங்க பையன் அப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம். அவனைப் பாத்து "நீதான தம்பி இனி எல்லாம்"னு எத்தனை பேர் சொன்னாங்கன்னு கணக்கே இல்ல, ஆறுதல் மாதிரிதான் சொல்லுவாங்க, பாதிப் பேருக்கு உள்ள வேற அர்த்தம் இருந்துச்சு.

சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கறப்ப ஏன் இத்தனை பொம்பளைங்க புருஷன் கடனை வருஷக்கணக்கா கட்டிட்டு இருக்காங்க? கையெழுத்து. அவ்வளவுதான் விஷயம். அவர் கடனா இருக்கற வரைக்கும் அதுக்கு எல்லை இருக்கு, நம்ம ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்ட நிமிஷம் அது நம்ம கடன், எல்லை போயிடும்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். காரியம் முடிஞ்ச மறுநாள், பந்தல் கூட இன்னும் பிரிக்கல, புரோநோட்டுக்குப் பணம் குடுத்த ஒருத்தர் வந்தார், துணைக்கு எங்க சொந்தத்துலயே ஒரு பெரியவரைக் கூட்டிட்டு. காபி குடிச்சார். அவர் நல்ல மனுஷன், ரொம்ப ஒத்தாசையா இருந்தார்னு எங்க வீட்டுக்காரரைப் பத்தி கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் பையில இருந்து பழைய புரோநோட்டை எடுத்துக் காட்டினார், கையெழுத்து அவரோடதுதான், எனக்குத் தெரியாதா. அது கூடவே புதுசா ஒண்ணு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தொகை எழுதி, பேர் எழுதற இடம் மட்டும் காலியா. "அம்மிணி, அவர் போனதுனால இந்தப் பழசு செல்லாதுங்க. உங்க பேர்ல ஒண்ணு போட்டுக் குடுத்துட்டா நானும் நிம்மதியா இருப்பேன், வட்டிய அப்புறம் பேசிக்கலாம், இப்ப ஒரு கையெழுத்து மட்டும் போதுங்க." பேனாவையும் மூடியத் திறந்து அவரே நீட்டினார்.

எங்க அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தவங்க, "பேப்பரை வெச்சுட்டுப் போங்க சாமி, எம்புட்டு அவசரம், எம் மவன் சாம்பல் கூட இன்னும் ஆறல"ன்னாங்க. அந்தப் பெரியவர் என்னமோ சொல்ல வந்தார், "அவ கையெழுத்துப் போட மாட்டா, போங்க"ன்னு அத்தை முடிச்சுட்டாங்க. அன்னிக்கு அந்த வீட்டுல வக்கீல் அவங்கதான்.

பின்னாடி நிஜ வக்கீல்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது அந்த வார்த்தையோட விலை. செலாவணி முறி ஆவணச் சட்டம்னு 1881-ல வந்தது ஒண்ணு இருக்கு, புரோநோட்டு, செக் எல்லாம் அதுக்குள்ளதான் வருது. அதோட 29-வது பிரிவு, இறந்தவரோட வாரிசு ஒரு புரோநோட்டுல தன் பேரைப் போட்டு கையெழுத்து வெச்சா அவங்க சொந்தமா பொறுப்பு, 'எனக்கு வந்த சொத்து அளவுக்குத்தான்'னு அதுலயே எழுதியிருந்தா ஒழிய. எத்தனை பேர் அப்படி எழுதுவாங்க? பழசு செல்லாதுன்னு அவர் சொன்னதும் பொய்தான், அது எங்க வீட்டுக்காரர் சொத்து மேல செல்லும். என் மேலதான் செல்லாது. அதை என் மேல செல்ல வெக்கறதுக்குத்தான் அந்தப் புதுசு.

இன்னொரு தினுசும் இருக்கு. "ஆயிரம் ரூபா குடுத்து இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க"ம்பாங்க. புரோநோட்டுக் கடனுக்கு 3 வருஷம் காலாவதி, அதுக்குள்ள கேஸ் போடணும். நடுவுல கடனை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதுக்குக் கையெழுத்து வெச்சாலோ அன்னிக்கு இருந்து புதுசா 3 வருஷம் ஆரம்பிக்கும். புரோநோட்டுக்குப் பின்பக்கம் சின்னச் சின்னதா தேதியும் தொகையும் எழுதி கையெழுத்து வாங்குவாங்களே, அதோட ரகசியம் இதுதான்.

செக் விஷயம். நூல், லேபிள், பாலி பேக் சப்ளை பண்றவங்ககிட்ட எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காலி செக் குடுத்து வெச்சிருந்தார், இந்த ஊர்ல எல்லாரும் குடுக்கறதுதான். அதுல ஒருத்தர் ஃபோன் பண்ணி, செக்கை பேங்க்ல போட்டு பவுன்ஸ் கேஸ் போட்டுருவேன், கோர்ட்டுக்கு அலைய வெச்சுருவேன்னார். செக் பவுன்ஸ் கேஸ் கையெழுத்துப் போட்டவர் மேலதான் வரும், அது கிரிமினல் கேஸ், அவரோட போச்சு. பாக்கிக்கு சிவில் கேஸ் போடலாம், அதுவும் அவர் சொத்து மேல. இதை நான் நிதானமா சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

சரி, எந்தக் கடன்ல நான் நிஜமாவே மாட்டியிருந்தேன்? ஹவுசிங் லோன். அதுல நான் கோ-அப்ளிகண்ட், என் சம்பளத்தையும் காட்டித்தான் லோன் கிடைச்சுது. அங்க வாரிசுங்கற பேச்சே இல்ல, நானும் கடன் வாங்கினவதான். ஜாமீன் போட்டிருந்தாலும் இதே கதை, ஜாமீன்தார் பொறுப்பு கடன் வாங்கினவரோட பொறுப்புக்கு சமம்னுதான் ஒப்பந்தச் சட்டம் சொல்லுது. அதனால யாராவது தவறிட்டா மொத வேலை, எந்தெந்தக் கடன்ல உங்க கையெழுத்து ஏற்கெனவே இருக்குன்னு தேடறது. அதெல்லாம் தனிக் கட்டு. அதுக்கு ஈஎம்ஐ நிறுத்தாதீங்க, ஏன்னா வீட்டு லோன்ல தவணை நின்னு வாராக்கடன்னு ஆயிட்டா பேங்க் கோர்ட்டுக்குப் போகாமலே 60 நாள் நோட்டீஸ் குடுத்து வீட்டை எடுக்கற 2002 சட்டம் இருக்கு.

ஆனா இதுலயே ஒரு கதவும் இருந்துச்சு. பிராஞ்சுல போய் விஷயத்தைச் சொன்னேன், ரொம்ப வருத்தமா இருக்கு மேடம், ஈஎம்ஐய மட்டும் விட்றாதீங்கன்னாங்க, அதோட சரி. வீட்டுக்கு வந்து சாங்ஷன் லெட்டரையும் லோன் ஸ்டேட்மெண்டையும் வரி வரியா படிச்சேன். லோன் குடுத்த அன்னிக்கே ஒரு தொகை 'இன்சூரன்ஸ் பிரீமியம்'னு கழிஞ்சிருந்துச்சு, அதையும் லோன்லயே சேர்த்திருந்தாங்க. ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்துப் போட்ட பாலிசி இல்ல, அவர் பேர்ல மட்டும்தான், நல்ல வேளை அவர் பேர்லயாவது. வருஷா வருஷம் கவரேஜ் குறைஞ்சுக்கிட்டே வர்ற வகை. திரும்பப் போய் அந்த வரிய பென்சில்ல வட்டம் போட்டுக் காட்டின அப்புறம்தான் கிளெய்ம் ஃபார்மே வெளிய வந்துச்சு. பாக்கில பெரும்பகுதி அதுல அடைஞ்சுது. அந்த பேங்க்ல இருந்தவங்க கெட்டவங்க இல்ல, கேக்காதவங்களுக்கு சொல்றது அவங்க வேலை இல்லைன்னு நினைக்கறவங்க. லோன் பாதுகாப்பு இன்சூரன்ஸ் பர்சனல் லோனுக்கும், வண்டி லோனுக்கும், மகளிர் குழு மூலமா வாங்கற லோனுக்கும் கூட நிறைய இருக்கும். கேளுங்க, எழுதிக் கேளுங்க.

அப்படியே பாஸ்புக்கையும் எடுங்க. மே கடைசி, ஜூன் பக்கம் பாருங்க, 436 ரூபா பிடிச்சிருக்கா? அது பிரதமர் ஜீவன் ஜோதி, 2 லட்சம் ஆயுள் காப்பீடு. 20 ரூபா பிடிச்சிருந்தா அது விபத்துக் காப்பீடு, விபத்துல போயிருந்தா அதுவும் 2 லட்சம். அக்கவுண்ட் ஆரம்பிக்கறப்ப எங்கயோ டிக் போட்டிருப்பாங்க, வீட்டுல யாருக்கும் தெரியாது. நம்ம ஆயாக்காவுக்கு அப்படி ஒரு 436 இருந்துச்சு, பாஸ்புக்க பாத்தப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

பிஎஃப் பணம் பத்தி. எங்க வீட்டுக்காரர் டேபிள் போடறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில பல வருஷம் சூப்பர்வைசரா இருந்தார், அந்தப் பழைய பிஎஃப் எடுக்காமலே கிடந்துச்சு. இதைக் கடன்காரங்க தொட முடியாது. உறுப்பினர் இறந்தப்ப கணக்குல இருக்கற பணம் நாமினிக்குப் போயிடும், இறந்தவர் கடனுக்கும் பிடிக்க முடியாது, அவர் இறக்கறதுக்கு முன்னாடி நாமினி வாங்கின கடனுக்கும் பிடிக்க முடியாதுன்னு பிஎஃப் சட்டத்துலயே 10-வது பிரிவுல எழுதி வெச்சிருந்தாங்க. வேலைல இருக்கறப்பவே தவறியிருந்தா பிஎஃப் கூட இருக்கற இன்சூரன்ஸ்ல அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் வரும், விதவை பென்ஷனும் உண்டு. கிராஜுவிட்டிக்கு சாதாரணமா 5 வருஷ சர்வீஸ் வேணும், இறப்புக்கு அந்தக் கணக்கு கிடையாது, இது நிறைய கம்பெனில சொல்ல மாட்டாங்க. பென்ஷனும் கிராஜுவிட்டியும் கோர்ட் ஜப்திக்கும் வராது.

ஜப்திக்கு வராத லிஸ்ட்ட சிவில் நடைமுறைச் சட்டத்தோட 60-வது பிரிவுல படிச்சா மனசு லேசாகும். கட்டியிருக்கற துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் பண்றவனோட கருவி, அப்புறம் மத வழக்கப்படி ஒரு பொம்பளை கழட்டக் கூடாத நகை. அதாவது தாலி. வெள்ளைக்காரன் காலத்துல எழுதினது, அவனுக்கே தெரிஞ்சிருக்கு.

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் ரெண்டும் ஈடு இல்லாத கடன். என் கையெழுத்து அதுல இல்ல. டெத் சர்டிபிகேட் காப்பிய வெச்சு ரிஜிஸ்டர் தபால்ல ஒரு லெட்டர் போட்டேன்: கணக்குதாரர் இந்தத் தேதில காலமாயிட்டார், நான் இந்தக் கடனுக்கு கோ-அப்ளிகண்டும் இல்ல ஜாமீனும் இல்ல, காப்பீடு இருந்தா விவரம் குடுங்க, அன்னிக்கு தேதிக்கு பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல தாங்க, இனி ஃபோன் வேண்டாம். ஃபோன் நிக்கல. பையன் நம்பருக்கு, மச்சாண்டார் நம்பருக்கு, என் ஸ்கூல் நம்பருக்குக் கூட வந்துச்சு. ரிசர்வ் பேங்க் விதிப்படி காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூல் ஆளுங்க கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரங்ககிட்ட அசிங்கப்படுத்தக் கூடாது. 7 மணிக்கு மேல வந்த கால் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்த பேங்க்கோட குறைதீர்ப்பு ஈமெயிலுக்கு அனுப்புனேன், 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவருக்குப் போகலாம், ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது, 14448-ல விவரம் சொல்லுவாங்க. ஆம்பட்ஸ்மேன்ங்கற வார்த்தைய எழுதின மெயிலுக்கு அப்புறம் கால் நின்னுச்சு.

மீட்டர் வட்டி, கந்துவட்டிக்காரங்களுக்கு தமிழ்நாட்டுல 2003-லயே சட்டம் வந்தாச்சு. அநியாய வட்டிக்காகத் தொந்தரவு பண்ணினா போலீஸ்ல புகார் குடுக்கலாம். 2025-ல கடன் நிறுவனங்களும் ஆப்புகளும் மிரட்டி வசூலிக்கறதுக்குன்னே தனியா ஒரு சட்டம் போட்டிருக்காங்க, கடன் வாங்கினவரோட குடும்பத்தைத் தொந்தரவு பண்றதும் அதுல வருது. ஸ்டேஷன்ல "உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க"ம்பாங்க, அது வேற கதை. புகாரை எழுத்துல குடுத்து ரசீது வாங்காம நகராதீங்க.

நகைக் கடன்ல மட்டும் நான் வேகமா இருந்தேன். நகை என்னோடது, ரசீது அவர் பேர்ல. அங்க கடனுக்குப் பொறுப்பா இல்லையாங்கறது கேள்வியே இல்ல, பொருள் அவங்ககிட்ட இருக்கு, கட்டலைன்னா நோட்டீஸ் விட்டு ஏலம் போடுவாங்க. பவுன் விலை ஏறிக்கிட்டு இருக்கற காலத்துல ஏலத்துக்கு விடறது பைத்தியக்காரத்தனம். டெத் சர்டிபிகேட் குடுத்து, வாரிசுச் சான்றிதழ் வர்ற வரைக்கும் வட்டிய மட்டும் கட்டி நிறுத்தி வெச்சோம், சர்டிபிகேட் வந்ததும் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டு மீட்டோம்.

வாரிசுச் சான்றிதழ் இ-சேவை மையத்துல அப்ளை பண்ணி, விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு, தாசில்தார் குடுக்கறது. அதை வெச்சே எல்லாம் முடிஞ்சுடாது. பெரிய தொகை டெபாசிட், ஷேர், அவருக்கு வர வேண்டிய பாக்கி, இதுக்கெல்லாம் சில இடத்துல கோர்ட்டுல வாங்கற சக்சஷன் சர்டிபிகேட் கேப்பாங்க. ரெண்டும் வேற வேற, இதைக் குழப்பிக்கிட்டு ஆறு மாசம் அலைஞ்சவங்க இருக்காங்க. அப்புறம் அவர் பேர்ல இருக்கற ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஆன்லைன்ல ஈசி, அதாவது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பத்திரத்தை எங்கயாவது ஈடு வெச்சு எம்ஓடி (பத்திரத்தை ஈடா ஒப்படைச்சதுக்கான ஆவணம்) பதிவு பண்ணியிருந்தா வில்லங்கத்துல தெரிஞ்சுடும். எங்களுக்கு ஒரு காலி சைட்டு மேல இருந்த கடன் அப்படித்தான் தெரிஞ்சுது, மெஷின் வாங்கறதுக்காக வெச்சிருக்கார்.

இப்ப சொத்தைக் காப்பாத்தற விஷயம். இதுலதான் ஊர் ஆலோசனை ஜாஸ்தி. "அம்மிணி, கடன்காரன் கேஸ் போடறதுக்குள்ள வீட்டை பையன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிப் போடு"ன்னு மச்சாண்டார்ல இருந்து பால்காரர் வரைக்கும் சொன்னாங்க. கடன்காரங்களை ஏமாத்தறதுக்காக சொத்தை மாத்தி எழுதினா அவங்க கேஸ் போட்டு அந்தப் பத்திரத்தை ரத்து பண்ண வெக்கலாம், சொத்து மாற்றச் சட்டம் 53-வது பிரிவு. பத்திரச் செலவும் போச்சு, கோர்ட்டுல நம்ம நாணயமும் போச்சு. பொய்யா எழுதறதுக்கு பதிலா எது நிஜமா யாரோடதுன்னு பிரிச்சுப் பாருங்க, பயப்பட்ட அளவுக்கு இருக்காது. எங்க வீடு எங்க ரெண்டு பேர் பேர்லயும் சமமா இருக்கு. பாதி என்னோடது, அது அவர் கடனுக்கு வராது, பேங்க் அடமானம் மட்டும்தான். அவரோட பாதி நாலா பிரியும், நான், பையன், பொண்ணு, அத்தை. ஆமா, அத்தைக்கும் பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்துல அம்மா முதல் வகுப்பு வாரிசு, அப்பா இல்ல. ஆக வீட்டுல ஆளுக்கு எட்டுல ஒரு பங்கு, எங்க தாத்தா பாஷைல அரைக்கால். எனக்கு எட்டுல அஞ்சு. அவர் வெளிக்கடன் எவ்வளவு இருந்தாலும் அது தொடக்கூடியது அந்தப் பாதிய, அதுவும் பேங்குக்கு அப்புறம்.

பொண்ணு அப்ப மைனர். அவ பங்கை அம்மாவே ஆனாலும் கோர்ட் அனுமதி இல்லாம விக்கக் கூடாது. "வீட்டை வித்து கடனை அடைச்சுரு"ன்னு அவசரப்படுத்தினவங்களுக்கு இந்த ஒரு பதிலே போதுமா இருந்துச்சு, அதுக்கு மேல யாரும் பேசல.

என் சம்பளம், எங்கப்பா போட்ட நகை, என் பேர்ல எங்கப்பா வாங்கின சைட்டு, எல்லாம் என் தனிச் சொத்து. இந்துப் பொம்பளை கைல இருக்கற சொத்து முழுசா அவளுக்கேன்னு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 14-வது பிரிவு இருக்கு. எம்டபிள்யூபி ஆக்ட்னு 1874-ல வந்த திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல 6-வது பிரிவு இன்னும் முக்கியம், ஆம்பளைங்க உயிரோட இருக்கறப்ப பண்ண வேண்டியது. டெர்ம் பாலிசி எடுக்கறப்ப எம்டபிள்யூபி ஆக்ட்ல போடுங்கன்னு கேட்டு வாங்கினா அந்தப் பணம் பொண்டாட்டி புள்ளைங்களுக்கான டிரஸ்ட், கடன்காரன் தொட முடியாது. பாலிசி எடுத்த அப்புறம் சேர்க்க முடியாது, எடுக்கறப்பவே சொல்லணும். தொழில் பண்ற எந்த வீட்டுக்கும் இதை விட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியல, ஆனா எங்ககிட்ட பாலிசி வித்த ஏஜெண்டு யாரும் இதைச் சொன்னதே இல்ல.

அவர் ஃபோன்ல ஜிபே இருக்கு, ஏடிஎம் கார்டு இருக்கு, பின் நம்பர் தெரியும், எடுத்துக்கலாமேன்னு தோணும். எடுக்காதீங்க. பேங்குக்குத் தெரிஞ்சா பிரச்சினை. அதைவிட முக்கியம், அவர் சொத்துல நம்ம கைக்கு வந்தது என்ன, எதுக்குச் செலவாச்சுன்னு கோர்ட் கேட்டா காட்டணும், காட்ட முடியலைன்னா அந்த அளவுக்கு நம்ம சொந்தச் சொத்து மேல பாயலாம். அதுக்காகவே ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது, ஒவ்வொண்ணுக்கும் ரசீது ஸ்டேப்ளர்ல. நாமினின்னா ஓனர்னு நினைக்கறதும் வேண்டாம், பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி பணத்தை வாங்கி வாரிசுங்களுக்குச் சேர்க்கற ஆள்தான், ஷேருக்கும் அப்படித்தான்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

மெஷின்ல ஃபைனான்ஸ் இருந்ததை அவங்க எடுத்துக்கிட்டாங்க. கிளியரா இருந்ததை நாங்க வித்தோம். அந்தப் பணத்துல மொதல்ல டெய்லருங்களோட சம்பள பாக்கி. இதுல நான் சட்டம் எதுவும் பாக்கல, அவர் இருந்திருந்தா சனிக்கிழமை குடுத்திருப்பார், நான் கொஞ்சம் தள்ளிக் குடுத்தேன். ரிட்டயர்டு பணத்தைக் கைமாத்தா குடுத்த ஒரு பெரியவர், ஒரு பேப்பரும் வாங்காம குடுத்தவர், வீட்டுக்கு வந்து கேக்கவும் இல்ல. அவருக்கும் குடுத்தோம். நூத்துக்கு நாலு வட்டி வாங்கி அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே எடுத்தவருக்கு முன்னாடி இவங்களை வெக்கறதுல எனக்கு எந்த உறுத்தலும் இல்ல. கட்டறதுன்னு நம்ம முடிவு பண்ணினா கட்டலாம், அது நம்ம மனசு. ஆனா பணத்தைக் குடுத்து முடிக்கணும், பேப்பரை எழுதிக் குடுத்து ஆரம்பிக்கக் கூடாது. ஜிஎஸ்டி பதிவை கேன்சல் பண்ணிட்டோம், அவர் தொழிலை நம்ம தொடர்ந்தா பழைய வரி பாக்கி நம்ம மேல வரும், நிறுத்திட்டா சொத்து அளவோட நின்னுடும்.

அந்தப் புரோநோட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். பதில்ல எங்க வக்கீல் சொத்து இவ்வளவு, பேங்க் கடன் இவ்வளவு, மத்த கடன் இவ்வளவு, மிச்சம் இவ்வளவுன்னு நோட்டுல இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டார். ஒரு மாசம் கழிச்சு அதே பெரியவரோட வந்து, வட்டிய விட்டுட்டு அசல்ல ஒரு பகுதிக்கு ஒத்துக்கிட்டார். வக்கீல் ஆபீஸ்லயே வெச்சு, பணம் ஒரு கைல, ஒரிஜினல் புரோநோட்டு ஒரு கைல, கணக்கு தீர்ந்துதுன்னு எழுதி வாங்கிக்கிட்டோம். இந்தத் தடவை அத்தை காபி போட்டுக் கொண்டு வந்து குடுத்தாங்க.

ஹவுசிங் லோன் முழுசா முடிஞ்சா ஒரிஜினல் பத்திரத்தை 30 நாள்ல திருப்பித் தரணும், லேட் ஆனா நாளுக்கு 5,000 ரூபா பேங்க் தரணும், 2023 டிசம்பர்ல இருந்து இந்த விதி இருக்கு. பத்திரம் வந்ததோட விடாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரசீதுப் பத்திரம் போட்டு எம்ஓடிய நீக்கிட்டு, புதுசா ஈசி போட்டுப் பாருங்க.

வக்கீலுக்குக் குடுக்கக் காசில்லைன்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துல இருக்கு. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், ஃபோன்னா 15100. ஆயாக்காவைக் கூட்டிட்டுப் போனப்ப டெத் சர்டிபிகேட், ஆதார், தண்டல்காரன் குடுத்த அட்டை, இந்த மூணையும்தான் எடுத்துட்டுப் போனோம்.